இருபது பைட்

திருப்பாதிரிப்புலியூரில் ஆறு பத்துக்குப் பேருந்து.
சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த கையோடு ஏறிவிடுவேன்.
கையில் இன்னும் அமோனியா.
பக்கத்தில் உட்காருபவர் ஜன்னலைத் தள்ளுவார்,
எதுவும் கேட்கமாட்டார்.
கடலூர் மூக்குக்கு இதெல்லாம் பழக்கம்.

பெண்ணையாற்றுப் பாலம்வரை பாயிண்டர் படிப்பேன்.
முகவரியைக் கையில் வைத்திருப்பது
அந்த வீட்டுக்குள் இருப்பதாகாது
என்று நோட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.
பாலம் தாண்டினால் தூக்கம்.
கன்னியக்கோயிலில் யாரோ இறக்கும் காலி பாட்டில்கள்
குலுங்கி எழுப்பும்.
மறுபடி தூக்கம், அரியாங்குப்பம்வரை.

எம்.சி.ஏ. முதலாண்டு, முப்பத்து மூன்று வயது.
வகுப்பு முழுவதற்கும் அக்கா.
கணக்கு நடத்தும் சார் என்னைவிட நான்கு வயது இளையவர்.
மேடம் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.
இரண்டரைப் பவுன் சங்கிலி மஞ்சக்குப்பத்தில் அடகில்.
அதன் ரசீதைத்தான் பாடப் புத்தகத்தில்
பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன்.
இப்போது அது மர வரைபடத்தில் நிற்கிறது.

செப்டம்பரில் அடையாள அட்டை வந்தது.
படம் சரி.
ரத்தம் பி பாசிட்டிவ், சரி.
பெயருக்கான இடத்தில்
லோகநாய
அதன் பின்னால் ஒரு காலிக் கட்டம்.

கடைசி பெஞ்சு ஜெரால்டு குனிந்து படித்தான்.
"அக்கா, ஒரு புள்ளிதான் பாக்கி."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், ஒரு நொடி பிந்தி.

அலுவலகத்தில் சொன்னேன்.
"சிஸ்டம் அப்படித்தாம்மா எடுக்குது.
உங்க பேரு நீளம்."
நீளமா?
லோ. க. நா. ய. கி.
விரலுக்கு ஒன்றாய் ஒரு கைக்குள் அடங்குகிற பெயர்.

அன்றிரவு ஆய்வகத்தில்
கழிவுநீர்ப் புட்டிகள் ஆறிக்கொண்டிருக்க
லேப்டாப்பில் நாலு வரி எழுதி
என் பெயரைக் கொடுத்தேன்.
எட்டு என்றது.
லோவின் கொம்பு தனி,
நாவின் கால் தனி,
கியின் மேல்விலங்கு தனி.
நான் ஒரே மூச்சில் சொல்வதை
அது கழற்றிக் கழற்றி எண்ணியிருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.
எட்டு மூன்று இருபத்து நான்கு.

யாரோ, எப்போதோ,
பெயருக்கு இருபது போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்.
பதினெட்டில் ஆறு துண்டுகள் ஏறிவிட்டன.
மிச்சம் இரண்டில் அடுத்த க
ஒரு காலை மட்டும் படியில் வைத்துத் தொங்கியது.
அதுதான் அந்தக் கட்டம்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில்
கோபத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது.
மூன்று மணி மாதிரியைப் பத்து நிமிடம் தாமதமாய் அளந்தேன்.
பதிவேட்டில் மூன்று என்றே எழுதினேன்.

காரணத்தை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
படித்தார்கள், அதிசயமாக.
இனி வருபவர்களுக்குச் சரியாக வரும்,
உங்களுடையது அச்சாகிவிட்டது,
புது அட்டைக்கு இருநூற்றைம்பது என்றார்கள்.
இருநூற்றைம்பது என்றால்
ஐந்து நாள் போக வர.
கட்டவில்லை.

ஜெரால்டு ப்ளக் பாயிண்டுக்குப் பக்கத்து இடத்தை
எனக்கு விட்டுக்கொடுத்தான்.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஞானசௌந்தரி என்றொரு பெண் சேர்ந்தாள்.
ஔகாரம் உட்பட அத்தனையும் அட்டையில் ஏறியிருந்தது.
கேன்டீனில் அதைத் திருப்பிப் போட்டு
சமோசா எண்ணெய்க்குத் தட்டாக்கிக்கொண்டாள்.
பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

இன்று காலை கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"என்னம்மா, பேரு பாதியில நிக்குது?"
"அடுத்த ஸ்டாப்புல ஏறும்ணே."
சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.
பாலம் வந்தது. மணல்தான், தண்ணீர் இல்லை.
நெட்வொர்க் தேர்வுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.
கண் சொக்குகிறது.